மலையாடு வேட்டைக்கு வெளியூரிலிருந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அலாஸ்காவுக்கோ கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கோ (பி.சி.) மலையாடு வேட்டைக்குப் போக நினைக்கும் தமிழ் நண்பர்கள் டல்லாஸிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் சான் ஹோசேயிலிருந்தும் கேட்கும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. விதிகளும் கட்டணங்களும் வருஷா வருஷம் மாறக்கூடியவை என்பதால், பணம் கட்டும் முன் அந்தந்த மாநில வனவிலங்குத் துறையின் அந்த வருட விதிப் புத்தகத்தைக் கட்டாயம் படித்துவிடுங்கள்.

மலையாடு என்றால் நம்ம ஊர் வரையாடு மாதிரிதானே?

இல்லை, இரண்டும் வேறு விலங்குகள். இங்கே பேசுவது வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் மட்டும் இருக்கும் வெள்ளை ரோமக்காரர். ஆடு என்று பெயர் இருந்தாலும் நாம் வளர்க்கும் ஆட்டின் நேர் இனம் கிடையாது. வளர்ந்த கிடா நூறு கிலோவைத் தாண்டும், பெரியது நூற்று முப்பது, நாற்பது கிலோ கூட இருக்கும். குளம்பின் அடியில் ரப்பர் போன்ற மெத்தை இருப்பதால் நம்மால் நிற்கக்கூட முடியாத பாறையில் அது படுத்துத் தூங்கும்.

நீலகிரி வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. அதை வேட்டையாடுவது கடும் குற்றம். இந்தப் பக்கத்தில் வரும் எதுவும் அதற்குப் பொருந்தாது.

நான் டெக்சாஸில் பத்து வருஷமாக இருக்கிறேன், கிரீன் கார்டும் இருக்கிறது. நான் எப்படி நான்-ரெசிடென்ட் ஆவேன்?

வேட்டை விதிகளில் ரெசிடென்ட் என்றால் அந்த மாநிலத்தில் குடியிருப்பவர் என்று பொருள், உங்கள் விசாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டெக்சாஸில் பிறந்து வளர்ந்த அமெரிக்கரும் அலாஸ்காவில் நான்-ரெசிடென்ட்தான். அலாஸ்காவில் தொடர்ந்து பன்னிரண்டு மாதம் குடியிருந்து, அங்கேயே இருக்கும் எண்ணமும் இருந்தால்தான் ரெசிடென்ட் ஆக முடியும்.

அலாஸ்காவில் இதற்கும் மேல் இன்னொரு வகை உண்டு: நான்-ரெசிடென்ட் ஏலியன். அமெரிக்காவில் குடியிருக்காத வெளிநாட்டுக் குடிமகன் என்று அர்த்தம். சென்னையிலிருந்தோ டொரன்டோவிலிருந்தோ போகிறவர் இதில் வருவார். கட்டணமும் கூடுதல், விதியும் இறுக்கம். விசாவில் அமெரிக்காவில் வேலை பார்க்கிறவர்கள் தாங்கள் எந்த வகை என்பதை லைசென்ஸ் வாங்கும் முன் துறைக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தவறான வகையில் லைசென்ஸ் எடுத்தால் வேட்டையே சட்டவிரோதமாகிவிடும்.

எங்கெல்லாம் போகலாம்?

உலகத்தில் இருக்கும் மலையாடுகளில் பாதிக்கு மேல் பிரிட்டிஷ் கொலம்பியாவில்தான் இருக்கின்றன. அடுத்தது அலாஸ்கா. யூகானிலும் வடமேற்குப் பிரதேசத்தின் மெக்கன்சி மலைகளிலும் உண்டு. தெற்கே மொன்டானா, ஐடஹோ, வாஷிங்டன், பிறகு கொண்டுவந்து விடப்பட்டுப் பெருகிய கொலராடோ, யூட்டா, வயோமிங் பகுதிகள்.

திட்டமிடும்போது இதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அலாஸ்காவிலும் கனடாவிலும் பணமும் கைடும் இருந்தால் ஓரிரு வருடத்தில் போய்விடலாம். தெற்கு மாநிலங்களில் பணம் குறைவாகப் போதும், ஆனால் குலுக்கலில் பெயர் விழ வேண்டும், அதற்கு இருபது வருடம் ஆனாலும் ஆகலாம், விழாமலே போகவும் செய்யலாம். உங்கள் வயதையும் முட்டியையும் மனதில் வைத்து எந்தப் பாதை என்று முதலிலேயே முடிவெடுங்கள். மற்ற எல்லாமே இந்த முடிவைப் பொறுத்துத்தான்.

அலாஸ்காவில் கைடு இல்லாமல் போகவே முடியாதா?

நான்-ரெசிடென்ட்டுக்கு முடியாது. பழுப்புக் கரடி, டால் செம்மறி, மலையாடு இந்த மூன்றுக்கும் லைசென்ஸ் உள்ள கைடு கூடவே இருக்க வேண்டும் என்பது அலாஸ்கா சட்டம். ஏலியன் வகையில் வருபவர்களுக்கு எந்தப் பெரிய விலங்குக்கும் கைடு கட்டாயம்.

இங்கே பலர் ஏமாறும் ஒரு இடம் உண்டு. டிரான்ஸ்போர்ட்டர் என்று ஒரு தொழில் இருக்கிறது: படகிலோ சிறு விமானத்திலோ உங்களைக் காட்டில் இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொள்வார்கள், விலை மிகக் குறைவாக இருக்கும். அவர்கள் கைடு இல்லை, மலையாட்டுக்கு அவர்களை மட்டும் நம்பி நான்-ரெசிடென்ட் போனால் குற்றம். அப்படிச் சுட்ட ஆட்டின் கொம்பை வேறு மாநிலத்துக்குக் கொண்டுவந்தால் லேசி சட்டத்தின்படி அது மத்திய அரசின் வழக்காகிவிடும். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கிறவருக்கு அப்படி ஒரு வழக்கு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆங்கரேஜில் என் சித்தப்பா பையன் இருக்கிறான். அவன் கூட வந்தால் கைடு வேண்டாம் என்கிறானே?

பாதி சரி. அலாஸ்காவில் குடியிருக்கும், 19 வயது நிரம்பிய நெருங்கிய உறவினர் கூட வந்தால் கைடு தேவையில்லை என்ற விலக்கு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அந்த உறவு இரண்டாம் நிலைக்குள் இருக்க வேண்டும். அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா, பாட்டி, பேரப் பிள்ளைகள், மாமனார், மாமியார், மருமகன், மருமகள், வாழ்க்கைத் துணையின் உடன்பிறந்தவர்கள் இதில் வருவார்கள். சித்தப்பாவே வரமாட்டார், அவர் பையன் எப்படி வருவான்? அத்தை பையன், மாமா பெண் யாரும் செல்லாது. மனைவியின் அண்ணன் அங்கே இருந்தால் செல்லும்.

இந்த விலக்கு ஏலியன் வகைக்குக் கிடையாது, சென்னையிலிருந்து வரும் அப்பாவை அலாஸ்காவில் இருக்கும் மகன் கைடு இல்லாமல் கூட்டிப் போக முடியாது. அப்புறம், கூட வருவது என்றால் கூடாரத்தில் உட்கார்ந்திருப்பது இல்லை, சுட முயலும் நேரத்தில் அந்த உறவினர் நூறு கஜத்துக்குள் இருக்க வேண்டும். உறவினருக்கு மலை தெரியாவிட்டால் சட்டப்படி சரியாக இருந்தும் ஆபத்தில்தான் போய் முடியும். மலையில் பழகாத உறவினரை நம்பிப் போவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

நான் கனடியன், டொரன்டோவில் இருக்கிறேன். பி.சி. எனக்குச் சொந்த நாடுதானே?

நாடு சொந்தம், மாகாணம் வேறு. ஒன்டாரியோக்காரரும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நான்-ரெசிடென்ட்தான், பெரிய விலங்கு வேட்டைக்கு அவுட்ஃபிட்டர் (வேட்டையை ஏற்பாடு செய்து வழிகாட்டும், லைசென்ஸ் உள்ள தொழில்காரர்) மூலமாகத்தான் போக வேண்டும். பி.சி.யில் குடியிருக்கும் ஒருவர் முன்கூட்டியே தனி அனுமதி வாங்கி உங்களை அழைத்துப் போகும் வழியும் உண்டு. அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன, வெளிநாட்டவருக்கு இன்னும் கடினமான நிபந்தனைகள்.

பி.சி.யில் ஒவ்வொரு அவுட்ஃபிட்டருக்கும் தனி எல்லை உண்டு, அந்த எல்லைக்குள் வெளியூர்க்காரர்களுக்கு வழிகாட்டும் உரிமை அவருக்கு மட்டும்தான். எத்தனை மலையாடு எடுக்கலாம் என்ற ஒதுக்கீட்டையும் அரசே வைக்கிறது. அதனால் ஸ்மிதர்ஸ், டெரஸ் பக்கத்து நல்ல எல்லைகளில் ஒன்றிரண்டு வருடத்துக்கு இடமே இருக்காது. சுட்ட ஆட்டை அரசின் பரிசோதகரிடம் காட்டுவது அங்கே கட்டாயம், கொம்பு வளையங்களை எண்ணி வயது பார்ப்பார்கள்.

கைடுக்குக் கொடுக்க என்னிடம் அவ்வளவு பணமில்லை. குலுக்கலில் போட்டால் எவ்வளவு வாய்ப்பு?

மொன்டானா, கொலராடோ, ஐடஹோ, யூட்டா, வாஷிங்டன் இவற்றில் மலையாட்டுக்குக் கைடு கட்டாயமில்லை, டேக் (ஒரு ஆட்டைச் சுட உங்கள் பெயரில் தரும் அனுமதிச் சீட்டு) விழுந்தால் நீங்களே போகலாம். வயோமிங்கில் மட்டும், வனாந்தரப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் நான்-ரெசிடென்ட்டுக்குக் கைடோ உள்ளூர்க்காரர் ஒருவரோ வேண்டும், நல்ல ஆட்டு மலைகள் பல அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன.

வாய்ப்பு என்று கேட்டால், நான்-ரெசிடென்ட்டுக்கு பல யூனிட்டுகளில் (வேட்டைப் பகுதிகளில்) நூற்றில் ஒன்றுக்கும் கீழே. மொத்த டேக்கில் பத்து சதவீதம் வரைதான் வெளியூர்க்காரர்களுக்கு என்பது பல மாநிலங்களின் கணக்கு, மொத்த டேக்கே கையளவு என்னும்போது சில யூனிட்டில் உங்களுக்கு ஒன்றுகூட இருக்காது. மொன்டானாவில் சேர்த்து வைத்த போனஸ் பாயின்ட்டை (விண்ணப்பித்தும் பெயர் விழாத வருடங்களுக்குச் சேரும் புள்ளி) வர்க்கப்படுத்திக் குலுக்கலில் போடுவார்கள், அதனால் பழையவர்களுக்கு பலம் அதிகம், புதியவருக்கும் கதவு மூடவில்லை. கொலராடோவில் மூன்று பாயின்ட் சேர்ந்த பிறகுதான் உண்மையான போட்டிக்குள் நுழைவீர்கள். ஐடஹோவில் பாயின்ட்டே கிடையாது, முதல் வருடம் போடுபவரும் இருபதாவது வருடம் போடுபவரும் சமம், ஆனால் மலையாட்டுக்குப் போட்டால் அந்த வருடம் மான், எல்க் போன்ற மற்ற குலுக்கல்களில் கலந்துகொள்ள முடியாது. யூட்டாவிலும் வாஷிங்டனிலும் வாழ்நாளில் ஒரே ஒரு டேக்.

என் யோசனை: 40 வயதுக்குக் கீழே இருந்தால் மூன்று நான்கு மாநிலங்களில் வருஷா வருஷம் போட்டுக்கொண்டே, பக்கத்தில் அலாஸ்காவுக்குப் பணமும் சேருங்கள். 50 தாண்டியிருந்தால் பாயின்ட் சேர்ப்பதில் காலத்தைக் கழிக்காதீர்கள். இன்னொன்று, கொலராடோவில் 1949ஆம் ஆண்டு முதலும் மொன்டானாவில் 1985க்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு வேட்டைக் கல்விச் சான்றிதழ் இல்லாமல் லைசென்ஸ் கிடையாது. உங்கள் மாநிலத்தில் அந்த வகுப்பை இப்போதே முடித்துவிடுங்கள், ஒரு மாநிலத்தின் சான்றிதழை மற்ற மாநிலங்களும் ஏற்றுக்கொள்ளும்.

மொத்தமாக எவ்வளவு ஆகும், மறைக்காமல் சொல்லுங்கள்.

கைடு வேட்டை அலாஸ்காவிலும் பி.சி.யிலும் பத்தாயிரம் அமெரிக்க டாலரில் தொடங்கி இருபதாயிரத்தைத் தாண்டிப் போகும். அலாஸ்காவில் நான்-ரெசிடென்ட்டுக்கு வேட்டை லைசென்ஸ் 160 டாலர், மலையாட்டு டேக் 600 டாலர். ஏலியன் வகைக்கு 630, 800. இதெல்லாம் மொத்தச் செலவில் சிறிய பகுதிதான்.

விளம்பரத்தில் வராத செலவுகள்தான் நிறைய. சிறு விமானம் பல நேரம் தனிக் கட்டணம். முன்னும் பின்னும் ஓட்டல். கைடுக்கு டிப்ஸ், வேட்டை விலையில் பத்து சதவீதம் அளவுக்குக் கொடுப்பது வழக்கம். கறியை வெட்டிப் பொட்டலம் கட்டி அனுப்புவது, தோலையும் கொம்பையும் பதப்படுத்துவது, முழு உருவமாகச் செய்தால் அதுவே பல ஆயிரம் டாலர். அடிபட்டால் ஹெலிகாப்டரில் தூக்கி வரும் செலவுக்கான காப்பீடும் எடுத்துக்கொள்ள வேண்டும், அதில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். சாமான்கள் எதுவும் கையில் இல்லை என்றால் அதற்கு இன்னும் சில ஆயிரம். கைடு சொல்லும் விலையில் பாதியை மேலே வைத்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறையச் சரியாக வரும்.

நல்ல கைடு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அலாஸ்காவில் கைடுகளுக்கு லைசென்ஸ் கொடுப்பது மாநிலத்தின் பெரு வேட்டை வணிகச் சேவை வாரியம். பெயரைக் கொடுத்து லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா, நடவடிக்கை ஏதும் உண்டா என்று பார்க்கலாம். கோடியாக் தீவின் பெரும்பகுதி தேசிய வனவிலங்குப் புகலிடம், அங்கே எந்தக் கைடு எந்தப் பகுதியில் வேலை செய்யலாம் என்பதற்குத் தனி அனுமதி உண்டு. அந்த இடத்துக்கான அனுமதி அவர் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பழைய வாடிக்கையாளர்களின் எண்களை வாங்கிப் பேசுங்கள், முக்கியமாக ஆடு கிடைக்காமல் திரும்பியவர்களிடம். ஆடு கிடைத்தவர் எல்லாம் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார். வானிலை மோசமான நாளில் கைடு என்ன செய்தார், சாப்பாடு எப்படி, சுடச் சொல்லி அவசரப்படுத்தினாரா என்று கேளுங்கள். கைடு உங்களிடம் உடல்நிலையையும் துப்பாக்கிப் பழக்கத்தையும் பற்றித் துருவித் துருவிக் கேட்டால் அது நல்ல அறிகுறி. முன்பணம் எவ்வளவு என்று மட்டும் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அலாஸ்காவில் சில இடங்களுக்குக் குலுக்கல் பெர்மிட் வேண்டும், விண்ணப்பம் நவம்பர் 1 முதல் டிசம்பர் நடு வரை, முடிவு பிப்ரவரியில். சில இடங்களுக்குப் பதிவு செய்தாலே பெர்மிட் கிடைக்கும். எந்த வகைக்குப் போகிறோம் என்பதைக் கைடோடு பேசி ஒப்பந்தம் போட்ட பிறகு விண்ணப்பியுங்கள். குலுக்கலில் விழாவிட்டால் முன்பணம் என்ன ஆகும் என்பதையும் அதில் எழுத வையுங்கள்.

எந்த மாதம் போனால் நல்லது?

ஆகஸ்ட், செப்டம்பரில் பகல் நீளம், ஏறுவது சுலபம், ஆனால் ரோமம் குட்டையாக இருக்கும். அக்டோபர் கடைசியிலிருந்து ரோமம் நீண்டு அடர்த்தியாகி, கழுத்தில் தாடியும் காலில் பைஜாமா போலத் தொங்கும் ரோமமுமாக ஆடு அழகாக இருக்கும், நவம்பரில் இணைசேரும் காலம் என்பதால் கிடாக்கள் பெட்டைகளைத் தேடி இறங்கியும் வரும். ஆனால் அப்போது பனி, உறைந்த பாறை, குறுகிய பகல்.

முதல் முறை போகிறவருக்கு செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை என்பதே என் பரிந்துரை. தோலுக்காக நவம்பரில் போக ஆசைப்படுபவர்கள் பனிமலை ஏறிய அனுபவம் இருந்தால் மட்டும் போங்கள். எந்த மாதமானாலும் திரும்பும் விமானத்தை வேட்டை முடியும் மறுநாளுக்குப் போடாதீர்கள். கடலோர அலாஸ்காவில் மூடுபனி இறங்கினால் சிறு விமானம் இரண்டு மூன்று நாள் வராது.

நான் ஹெச்-1பியில் இருக்கிறேன். துப்பாக்கியைத் தொடலாமா?

கவனமாகப் படிக்க வேண்டிய பதில் இது. குடியேற்றம் அல்லாத விசாவில் அமெரிக்காவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பதே மத்திய சட்டத்தின் பொது விதி. இதற்குள்ள விலக்குகளில் ஒன்று, அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. அதாவது லைசென்ஸ் முதலில், துப்பாக்கி பிறகு. பயிற்சிக்காகச் சுடும் மைதானத்துக்குப் போவதற்கும் இதேதான். லைசென்ஸ் டிசம்பர் 31இல் முடிந்து, துப்பாக்கி ஜனவரி 1 அன்று வீட்டில் இருந்தால் அன்று நீங்கள் குற்றவாளி.

கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஹெச்-1பி, எஃப்-1, எல்-1, சுற்றுலா விசா எல்லாவற்றுக்கும் உண்டு. மாநிலச் சட்டங்கள் தனி. சந்தேகம் இருந்தால் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசுங்கள்.

விமானத்தில் ரைஃபிள் கொண்டுபோவது எப்படி? எல்லை தாண்டினால்?

உள்நாட்டு விமானத்தில் தோட்டா இல்லாத ரைஃபிளைப் பூட்டுப் போட்ட கெட்டிப் பெட்டியில் வைத்து, செக்-இன் கவுன்டரில் வாய் திறந்து சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். சாவி உங்களிடம். தோட்டா அதற்கான அட்டைப் பெட்டியில், பெரும்பாலான விமான நிறுவனங்களில் 5 கிலோ வரை.

அமெரிக்காவிலிருந்து கனடாவுக்கு எடுத்துப் போனால் எல்லையில் துப்பாக்கி அறிவிப்புப் படிவம் ஒன்றைக் கொடுத்துக் கட்டணம் கட்ட வேண்டும், அது 60 நாள் தற்காலிக லைசென்ஸாகச் செல்லும். படிவத்தை அதிகாரி முன்னால்தான் கையெழுத்திட வேண்டும், வீட்டிலேயே போட்டுவிடாதீர்கள். கைத்துப்பாக்கி வேண்டவே வேண்டாம். வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்குள் கொண்டுவருபவர் துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப்.பின் இறக்குமதி அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கைடின் ரைஃபிளைப் பயன்படுத்துங்கள். கனடாவில் லைசென்ஸ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில் அது சட்டப்படி சரி. அமெரிக்காவில் முந்தைய பதிலில் சொன்ன லைசென்ஸ் விதி பொருந்தும்.

எந்த ரைஃபிள் வேண்டும்?

.270, 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம், .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் எதுவானாலும் போதும். நல்ல தோட்டா முக்கியம், மலையாடு அடிபட்டும் நிற்கும் விலங்கு. எடை குறைந்த ரைஃபிளாக இருந்தால் மூன்றாம் நாள் தோள் நன்றி சொல்லும். முதுகுப் பையைத் தலையணையாக வைத்துப் படுத்துச் சுடவும், உட்கார்ந்து சுடவும் பழகுங்கள். செங்குத்தான சரிவில் மேலோ கீழோ சுடும்போது நேர்த் தூரத்தை விடக் கிடைமட்டத் தூரமே கணக்கு, கோணத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கும் கருவி) வாங்குங்கள்.

ஜிம்முக்குப் போகிறேன், போதாதா?

போதாது. ஆடு இருக்கும் இடம் ஆயிரம் மீட்டர் மேலே, வழியில் ஆல்டர் புதர் இடுப்பளவு பின்னிக் கிடக்கும், மழையில் சரளைக்கல் வழுக்கும், நாள் முழுக்க ஏறிவிட்டு மறுநாளும் ஏற வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியை உடைக்கும், ஏனென்றால் அப்போது முதுகில் கறி இருக்கும்.

குறைந்தது ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். பையில் பத்து கிலோ வைத்துப் படிக்கட்டு ஏறி இறங்கி, மாதாமாதம் எடை கூட்டி, இருபத்தைந்து கிலோவோடு இரண்டு மணி நேரம் நிற்காமல் ஏற முடிகிற நிலைக்கு வாருங்கள். பே ஏரியாவில் இருப்பவர்களுக்கு மிஷன் பீக் இருக்கிறது, டொரன்டோவில் மாடிப்படிதான் மலை. நம்மவர்களில் நாற்பது வயதுக்குள்ளேயே சர்க்கரையும் இதயக் கோளாறும் வருகிறவர்கள் அதிகம், அதனால் முன்பணம் கட்டும் முன் மருத்துவரைப் பார்த்து ஸ்ட்ரெஸ் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். பல வேட்டைகள் வாடிக்கையாளரின் காலால்தான் தோற்கின்றன. ஆடு இருக்கும், கைடும் இருப்பார், ஏற மட்டும் முடியாது.

என்னென்ன சாமான் வாங்க வேண்டும்?

பட்டியல் கைடு கொடுப்பார், அதை அப்படியே பின்பற்றுங்கள். நான் அழுத்திச் சொல்வது நான்கு பொருள்கள். வளையாத அடிப்பாகம் உள்ள மலைப் பூட்ஸ், அதைக் குறைந்தது மூன்று மாதம் போட்டு நடந்து பழக்கியிருக்க வேண்டும். நனைந்தாலும் சூடு தரும் கம்பளி உள்ளாடையும் உண்மையான மழைக்கோட்டும், பருத்தித் துணி எதுவும் வேண்டாம். ஊன்றுகோல் இரண்டு. கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் தொடர்புக் கருவி, கைடிடம் ஒன்று இருந்தாலும் உங்களிடமும் ஒன்று. பைனாகுலர் 10x42 போதும், ஸ்பாட்டிங் ஸ்கோப் (பெரிய தொலைநோக்கி) பெரும்பாலும் கைடு தூக்குவார். பனிக்காலத்தில் கிராம்பானும் (பூட்ஸில் மாட்டும் இரும்பு முள்) ஐஸ் ஆக்ஸும் சேரும்.

கிடாவா பெட்டையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டுக்கும் கொம்பு இருக்கிறதே?

மலையாடு வேட்டையில் மிகக் கடினமான பகுதி இதுதான். கிடாவின் கொம்பு அடியில் தடித்து, இரண்டுக்கும் நடுவில் இடைவெளி குறுகி, அடியிலிருந்து நுனி வரை ஒரே சீராக வளைந்து போகும். பெட்டையின் கொம்பு ஒல்லி, நடுவில் இடைவெளி அகலம், நேராகப் போய் நுனிக்குப் பக்கத்தில் சட்டென்று மடங்கும். கொம்பின் நீளத்தை நம்பாதீர்கள், பெட்டைக்கு நீளமாக இருப்பது சாதாரணம். கிடாவுக்குக் கொம்பின் பின்னால் கருப்பாக ஒரு சுரப்பி தெரியும். மூத்திரம் போகும்போது பெட்டை குந்தும், கிடா உடலை முன்னால் நீட்டி நிற்கும், இதுதான் மிக உறுதியான அடையாளம், அதற்காக ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் தகும். தனியாக இருந்தால் கிடாதான் என்பதும் முழு உண்மை இல்லை.

பல இடங்களில் பெட்டையைச் சுடுவதும் சட்டப்படி அனுமதிதான், குட்டியையும் குட்டியோடு நிற்கும் தாயையும் சுடுவதுதான் தடை. இருந்தாலும் சுடாதீர்கள். பெட்டை முதல் குட்டி போடவே நான்கைந்து வயது ஆகும், பெரும்பாலும் ஒரு குட்டிதான், அதிலும் பல முதல் குளிர்காலத்தைத் தாண்டுவதில்லை. ஒரு சின்னக் கூட்டத்தில் வருடத்துக்கு ஓரிரு பெட்டைகள் போனாலே கூட்டம் சரியத் தொடங்கும், முன்பு பல மலைகளில் அப்படித்தான் காலியாகின. அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்தில் பெட்டையைச் சுட்டவருக்கு அடுத்த சில வருடங்களுக்கு அங்கே மலையாட்டு பெர்மிட் கிடையாது என்றே விதி வைத்திருக்கிறார்கள். அலாஸ்கா துறையின் இணையதளத்தில் கிடா, பெட்டை அடையாளம் காணும் பயிற்சி வினாக்கள் இருக்கின்றன, தப்பில்லாமல் பதில் சொல்ல வரும் வரை செய்யுங்கள்.

கைடு சுடு என்கிறார், எனக்கோ சந்தேகம். என்ன செய்வது?

சுடாதீர்கள். விசையை அழுத்துவது நீங்கள், டேக் உங்கள் பெயரில். இன்னொரு முறை ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள், நல்ல கைடு கோபப்படமாட்டார்.

ஆடு நிற்கும் இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். அடிபட்ட மலையாடு கடைசி நொடியில் பாறை விளிம்புக்கு நகர்ந்து விழுவது அடிக்கடி நடக்கும், முந்நூறு மீட்டர் உருண்டால் கொம்பும் உடையும், கறியும் சிதையும், சில நேரம் எடுக்கவே முடியாத பிளவில் போய்ச் சிக்கும். கீழே எங்கே விழும், நாம் அங்கே போக முடியுமா என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் சுடக் கூடாது. அது நல்ல இடத்துக்கு வரும் வரை மாலை வரை காத்திருங்கள், படுத்த ஆடு மூன்று மணி நேரம் எழாமலும் இருக்கும்.

காயம்பட்டு ஓடிவிட்டால் இன்னொன்று சுடலாமா?

பெரும்பாலான அவுட்ஃபிட்டர் ஒப்பந்தங்களில் ரத்தம் கண்டால் உங்கள் வேட்டை முடிந்தது. அது நியாயமும்கூட. தேட முடிந்தவரை தேடுவது உங்கள் கடமை, அதற்கு மீதி நாள்கள் எல்லாம் போனாலும் சரி.

விமானம் காலையிலேயே இறக்கிவிட்டால் அன்றைக்கே வேட்டையைத் தொடங்கலாமே?

அலாஸ்காவில் கூடாது. சிறு விமானத்தில் பறந்த நாளில் மலையாட்டைச் சுட முடியாது, மறுநாள் அதிகாலை 3 மணிக்குப் பிறகுதான். மேலேயிருந்து ஆட்டைப் பார்த்து இறங்கிச் சுடுவதைத் தடுக்கத்தான் இந்த விதி. பயண நாள்களைக் கணக்கிடும்போது இதையும் சேருங்கள்.

கறியை விட்டுவிட்டுக் கொம்பு மட்டும் எடுத்து வரலாமா? கிழட்டுக் கிடா கறி நாறும் என்கிறார்களே?

அலாஸ்காவில் உண்ணத்தக்க கறி முழுவதையும் எடுத்து வருவது சட்டம். கொம்பைக் கறிக்கு முன்னால் காட்டிலிருந்து வெளியே கொண்டுபோகவும் கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்த உயிருக்கு நாம் செய்ய வேண்டியது அதுதான்.

இணைசேரும் காலக் கிடாவுக்கு வாடை உண்டு, மற்ற நேரத்தில் கறி நன்றாகவே இருக்கும், ஆனால் நார் கெட்டி. அமெரிக்கர்கள் ஸ்டேக் போட்டுப் பார்த்துவிட்டு ரப்பர் என்கிறார்கள். நம் சமையல் இதற்கென்றே அமைந்தது: எலும்பில்லாமல் சின்னத் துண்டாக்கி, தயிரும் பப்பாளிக்காயும் போட்டு இரவு ஊறவைத்து, குக்கரில் வழக்கமான ஆட்டுக்கறிக்கு வைப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் வைத்து, மிளகு தூக்கலாகக் குழம்பு வையுங்கள். கொழுப்பை மட்டும் முழுக்க நீக்கிவிடுங்கள், வாடை அதில்தான். சுட்டவுடன் தோலை உரித்துக் கறியைச் சீக்கிரம் ஆறவிடுவதுதான் சுவைக்கு முதல் காரணம். கோடியாக்கில் அதைச் செய்யும்போது ஒருவர் சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பழுப்புக் கரடிகளுக்கு ரத்த வாடை தூரத்திலிருந்தே தெரியும்.

நான் இதுவரை எதையும் வேட்டையாடியதில்லை. நேராக மலையாட்டுக்குப் போகலாமா?

சட்டம் தடுக்கவில்லை, நான் தடுப்பேன். ஒரு மானாவது உங்கள் கையால் சுட்டு, உரித்து, தூக்கி வந்த பிறகு போங்கள். கோடியாக் தீவில் சிட்கா கருவால் மானுக்கு அமெரிக்கக் குடிமக்களான நான்-ரெசிடென்ட்டுகள் கைடு இல்லாமல் போகலாம். அதே மழை, அதே புதர், அதே கரடி, செலவு மட்டும் சிறு பங்கு. அந்த வாரத்தை விரும்பி முடித்தவர்களுக்கு மலையாடு பொருந்தும், மூன்றாம் நாளே வீட்டுக்குப் போக நினைத்தவர்களுக்கு இருபதாயிரம் டாலர் மிச்சம்.

கோடியாக்கில் மலையாடு இயற்கையாக இருந்ததில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். 1950களின் தொடக்கத்தில் கொண்டுவந்து விட்ட சிறு கூட்டம் பெருகி இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறது. அங்கே தாவரங்களுக்குச் சுமை கூடியதால் பெர்மிட்டும் தாராளம். மலையாட்டை அழிக்கிறோமோ என்ற உறுத்தல் இருப்பவர்களுக்கு நான் முதலில் கை காட்டும் இடம் அது.

ஆடு கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா?

வராது. கைடின் நேரத்துக்கும் உழைப்புக்கும்தான் பணம், ஆட்டுக்கு விலை இல்லை. சில அவுட்ஃபிட்டர்கள் சுட்டால் மட்டும் ஒரு பகுதி தொகை என்று வைத்திருக்கிறார்கள், வானிலையால் போன நாளுக்கு ஈடு தருபவர்களும் உண்டு, எதுவானாலும் ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு.

கொம்பையும் தோலையும் ஊருக்கு, மதுரைக்குக் கொண்டுபோய் வீட்டில் மாட்டலாமா?

வேண்டாம். மலையாடு அழியும் இனங்களுக்கான சைட்டிஸ் பட்டியலில் இல்லை, அதனால் அலாஸ்காவிலிருந்து டெக்சாஸுக்குக் கொண்டுவருவதில் பிரச்சினை இல்லை, கனடாவிலிருந்து அமெரிக்காவுக்கு வரும்போது மீன், வனவிலங்கு சேவைத் துறையின் அறிவிப்புப் படிவம், லைசென்ஸ், டேக் நகல்கள் இருந்தால் போதும். இந்தியாவின் இறக்குமதிக் கொள்கை வேறு. காட்டு விலங்குகளும் அவற்றின் உறுப்புகளும் பொதுவாகத் தடை செய்யப்பட்டவை, சுங்கத்தில் மாட்டினால் பொருளும் போகும், வழக்கும் வரும், வீட்டுச் சுவரில் மாட்டியதைப் பார்த்து வனத்துறை வந்தால் ஊரில் இருக்கும் அப்பா அம்மாதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கொம்பு நீங்கள் குடியிருக்கும் நாட்டிலேயே இருக்கட்டும், ஊருக்குப் புகைப்படம் அனுப்புங்கள்.